நீரிழிவு ஆய்வுச் செய்தியை வாசிக்கும் முறை

திருகோணமலையில் ஒரு கிளினிக் நாள் காலையில், இரத்தம் எடுப்பதற்காக வெறுவயிற்றுடன் வரிசையில் இருந்த ஓர் அம்மா தமது கைபேசியை என்னிடம் நீட்டினார். "சீனி வருத்தம் எட்டுக் கிழமையில் சுகமாகுமாம், இதை நம்பலாமோ தம்பி?" என்று கேட்டார். அந்தச் செய்தி முழுப் பொய்யன்று என்பதுதான் சிக்கல். இவ்வகைச் செய்தியைத் தள்ளிவிடாமலும் அப்படியே விழுங்காமலும் வாசிப்பதற்குச் சில கேள்விகளை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மாற்றம் எதில் காணப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களிலா, எலியிலா, மனிதரிலா? தட்டில் உள்ள கலத்துக்கு ஈரலும் இல்லை, குடலும் இல்லை. அங்கே பலித்தது உடலில் பலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செய்தியில் இது குறிப்பிடப்படாவிட்டால் அதற்கு மேல் வாசித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

மனிதரில் என்றால், எத்தனை பேர் என்று பாருங்கள். அந்த அம்மாவின் செய்திக்கு மூலம் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ரோய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கேற்ற நீரிழிவாளர் 11 பேர். எட்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி மட்டுமே அவர்கள் உட்கொண்டனர். கறிகளோடு நிறையப் போட்ட ஒரு கோப்பைச் சோறே அந்த அளவைத் தாண்டிவிடும். ஒரே வாரத்தில் அவர்களது வெறுவயிற்றுக் குளுக்கோசு வழமைக்குத் திரும்பியது. ஈரலில் இருந்த கொழுப்பு எட்டு வாரத்தில் 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்தது.

அடுத்து, உடலுக்குள் என்ன நடந்தது என்று அந்த ஆய்வு விளக்குகிறதா எனப் பாருங்கள்; என் கணிப்பில் இந்த ஆய்வின் பெறுமதியே இங்கேதான் இருக்கிறது. தம்பலகாமத்து வயற்காரர் வீட்டில் களஞ்சியம் நிரம்பினால் நெல் மூடைகள் விறாந்தைக்கு வருவதுபோல, தோலுக்குக் கீழுள்ள கொழுப்புக் கலங்கள் கொள்ளாத கொழுப்பு ஈரலில் தங்குகிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. இரவில் நாம் உண்ணாதிருக்கும்போதும் அளவுக்கு மீறிக் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. அதை அடக்கச் சதையி (கணையம்) மேலும் இன்சுலினைச் சுரக்க, அந்த இன்சுலினே ஈரலில் மேலும் கொழுப்பு உருவாகத் தூண்டுகிறது. ஈரலிலிருந்து வெளியேறும் கொழுப்பு சதையியிலும் சேரும்போது, இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலங்கள் சோர்ந்துவிடுகின்றன. நம்மவரின் களஞ்சியம் சிறியது. அதனால்தான் ஆசியருக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பதினொரு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இருந்த பெரிய ஆய்வு பின்னர் வந்ததா என்று தேட வேண்டும். வந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான 'டைரக்ட்' ஆய்வில் 306 பேர் சேர்க்கப்பட்டனர். ஓராண்டின் பின், கடும் உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதத்தினரும் வழமையான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதத்தினரும் தணிவு நிலையை அடைந்திருந்தனர். 15 கிலோ அல்லது அதற்கு மேல் எடை குறைந்த 36 பேரில் 31 பேர் அந்நிலையை எட்டினர். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 சதவீதம் என்பது 36 சதவீதமாகிவிட்டது. தணிவு என்ற சொல்லையும் கவனியுங்கள்: நீரிழிவு மாத்திரைகளை நிறுத்தி இரண்டு மாதமாவது கழிந்த பின்னரும், இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே இங்கு தணிவு. அதைச் "சுகம்" என்று மாற்றியது செய்தியை எழுதியவரின் கைவண்ணம்.

யாரைச் சேர்க்கவில்லை என்பதைப் பலர் பார்ப்பதில்லை. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு மேலானவர்களும், இன்சுலின் போடுபவர்களும், சுட்டி 27க்குக் குறைந்தவர்களும் அந்த 306 பேரில் இல்லை. 165 சென்றிமீற்றர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவரின் சுட்டி 23.5, ஆகவே அந்த 46 சதவீதத்தை அவர் தமக்கு நேரே பொருத்திக்கொள்ள இயலாது. வரிசையில் நின்ற அம்மாவின் கிளினிக் கொப்பியில் பதினான்கு ஆண்டு நீரிழிவும் இரு வேளை இன்சுலினும் எழுதப்பட்டிருந்தன.

உங்கள் சொந்த அறிக்கையை இந்த எண்களோடு ஒப்பிடும்போதும் ஓர் எச்சரிக்கை. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியையே காட்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவருக்கும் அது பிழையாகக் காட்டலாம்.

டைரக்ட் ஆய்வில் மாத்திரைகளை நிறுத்தியவர்கள் மருத்துவர்கள். பங்கேற்றோர் தாமாக நிறுத்தவில்லை. இன்சுலினையோ, சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரையையோ வழமைபோல எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் திடீரெனக் குறைத்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். ஆகவே நோய் கண்ட ஆண்டு, இப்போதைய மருந்துகள், உயரம், எடை ஆகிய நான்கையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்து, "எவ்வளவு எடை குறைப்பது எனக்கு ஏற்றது, அப்போது எந்த மருந்தை முதலில் குறைப்பீர்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.