குளூட்டமின் சிந்தெட்டேஸ் மரபணு சுண்டெலியின் எந்தத் திசுவில், எந்தச் செல்லில் இயங்குகிறது? கண்டறியும் முறை

கல்லீரலை அரைத்து அளந்தால் குளூட்டமினை உருவாக்கும் இந்த நொதியின் எம்ஆர்என்ஏ (இயங்கும் மரபணுவின் ஆர்என்ஏ நகல்) திசு முழுக்கப் பரவியிருப்பது போலத் தோன்றும். அதையே சீவிச் சாயமேற்றினால், மையச் சிரையைச் சுற்றி ஒன்றிரண்டு வரிசை செல்களில் மட்டும் அடர்த்தியாக வளையம் போட்டிருக்கும். ஆகவே அரைத்த திசுவில் எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரோடு நிறுத்தாதீர்கள். சீவலிலேயே எம்ஆர்என்ஏ இருக்கும் செல்லைக் காட்டும் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷனும் அவசியம்.

விலங்கு நெறிக்குழு அனுமதியோடு, 8 முதல் 10 வார வயதில் ஆண் 3, பெண் 3 எடுங்கள். உணவு நிலையும் அறுக்கும் நேரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் கணையத்தை எடுங்கள். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி அதில் ஏராளம். தாமதித்தால் இயங்கும் மரபணுவையே இயங்கவில்லை என்று எழுத நேரும். ஒவ்வொரு திசுவிலும் ஒரு துண்டை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள், இன்னொன்றை 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓரிரவு வையுங்கள்.

கியூபிசிஆருக்கு, உறைந்த துண்டிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க 50 மி.கி. திசுவுக்கு 1 மி.லி. டிரைசால் கரைசல். கொழுப்புத் திசுவில் மேலே மிதக்கும் படலத்தை நீக்கிவிட்டுத்தான் குளோரோஃபார்ம் சேர்க்க வேண்டும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி கொடுத்த பிறகும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள். இன்ட்ரான் (எம்ஆர்என்ஏ உருவாகும்போது வெட்டி நீக்கப்படும் பகுதி) இல்லாத போலி மரபணுக்களை, எக்ஸான்கள் (எஞ்சும் பகுதிகள்) சந்திக்கும் இடத்தில் அமைத்த பிரைமரால்கூட (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தவிர்க்க முடியாது. இந்தக் குழாய்தான் காட்டிக்கொடுக்கும். ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஎச் என்ற மரபணு ஒன்றை மட்டும் நம்புவது பெரிய தவறு: எலும்புத்தசையில் அது மிக அதிகம், அதனால் தசையின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். மூன்று ஒப்பீட்டு மரபணுக்களாவது வேண்டும்.

சீவலுக்கு 30% சுக்ரோஸில் திசு அடியில் இறங்கும்வரை ஊறவிட்டு, உறைய வைத்து, 12 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் கல்லீரல் சீவல் ஒன்று இருக்கட்டும். வளையம் தெரியாத ஸ்லைடை அப்படியே ஒதுக்குங்கள். அதில் வேறெந்தத் திசு வெறுமையாக இருந்தாலும் அதற்குப் பொருளில்லை. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி 10 மைக்ரோகிராம்/மி.லி., 10 நிமிடம். கூடினால் சீவல் கரைந்து உரியும், குறைந்தால் புரோப் (எம்ஆர்என்ஏவைத் தேடி ஒட்டும் ஆர்என்ஏ துண்டு) உள்ளே நுழையாது. டிஜாக்சிஜெனின் என்ற அடையாளக் குறி ஏற்றிய, 500 முதல் 800 பேஸ் நீளமுள்ள ஆன்டிசென்ஸ் (எம்ஆர்என்ஏவோடு பொருந்தும்) புரோபை 65 டிகிரியில் ஓரிரவு விடுங்கள். பக்கத்துச் சீவலில், ஒப்பீட்டுக்கு, எம்ஆர்என்ஏவோடு ஒட்டாத சென்ஸ் புரோப்.

புரோபின் குறியைப் பற்றும் ஆன்டிபாடியோடு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இணைந்திருக்கும்; அதுதான் நீல நிறம் தரும். ஆனால் நிறமேற்றும்போது திசுவின் சொந்த ஆல்கலைன் பாஸ்படேஸும் நீலம் தரும். சிறுநீரகத்தில் லெவமிசோல் என்ற தடுப்பான் அதை அடக்கும்; குடலில் உள்ள வகையை அடக்காது. அதனால் குடலுக்கு மட்டும் புரோபும் ஆன்டிபாடியும் இல்லாத சீவல் ஒன்றைத் தனியாக வையுங்கள். அதுவும் நீலமானால், குடலில் கண்ட நிறத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.