டீசல் தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவர்: ஒற்றைச் செங்கல் போதாது

ஜெனரேட்டருக்கான டீசல் தொட்டியைச் சுற்றி 230 மி.மீ. செங்கல் சுவரை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கட்டிவிட்டு, ‘கசிந்தாலும் பயமில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். மழைநீரும் தீயணைப்பு நீரும் உள்ளே சேரும் என்பதால் நீரின் எடைக்கே கணக்கிட வேண்டும். சுவர் முழுக்க நிரம்பினால் அடியில் வளைவு இழுவிசை (சுவர் வளைவதால் அதைப் பிளக்கப் பார்க்கும் இழுப்பு) ச.மி.மீ.க்குச் சுமார் 0.18 நியூட்டன். சுவரின் சொந்த எடை அதில் 0.02 அளவையே குறைக்கும். நல்ல சிமென்ட் சாந்துக்கும் ஐ.எஸ். 1905 (செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி) அனுமதிப்பது 0.07 மட்டுமே! உயரத்தை இரட்டிப்பாக்கினால் இந்த இழுவிசை எட்டு மடங்காகும். எனவே இடமிருந்தால் சுவரை உயர்த்தாமல் பரப்பை அகலப்படுத்துங்கள். தடுப்பின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் மிகப் பெரிய தொட்டியின் 110 சதவீதமாக இருப்பது வழக்கமான நடைமுறை.

நிலநடுக்கம் தொட்டியையும் சுவரையும் ஒருசேர உலுக்கும். தொட்டி உடையும் அதே நேரத்தில்தான் சுவர் நிற்க வேண்டும். பின்னதிர்வு வரும்போது அது நிரம்பியும் இருக்கலாம். எனவே வெறும் செங்கல்லுக்குப் பதில் ஹாலோ பிளாக்கில் கட்டி, அதன் துளைகளில் அஸ்திவாரத்திலிருந்தே கம்பியை எழுப்பி கான்கிரீட் நிரப்புங்கள். திரவத்தின் தள்ளலுக்கு இழுவிசை உள்முகத்தில் வரும். நிலநடுக்கமோ இரு பக்கமும் ஆட்டும். ஆகவே நடுக்கம்பி போதுமா, இரு முகத்திலும் வேண்டுமா என்பதைப் பொறியாளர் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

குழாய்களைச் சுவரைத் துளைக்காமல் மேலே ஏற்றிக் கொண்டுசெல்லுங்கள். உள்ளே தேங்கும் மழைநீரை வெளியேற்றும் வால்வு, வெளியேற்றும் நேரம் தவிர எப்போதும் மூடியே இருக்கட்டும்.