ஆண்டவரை நேசிப்பதில் நாம் விடும் தவறுகள்

மட்டக்களப்பில் கோயில் வேலைக்கு ஆள் குறைவதில்லை. திருவிழாவுக்குச் சோடிக்க, பாட்டுப் பழக்க, ஒளிவிழா நடத்த என்று ஓடியோடி உழைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த ஓட்டத்தையே ஆண்டவர் மேலுள்ள அன்பு என்று எண்ணிவிடக்கூடாது. வேதத்தின் கடைசிப் புத்தகத்தில், ஆதித் திருச்சபைகளில் ஒன்றான எபேசு சபையின் உழைப்பையும் பொறுமையையும் கிறிஸ்து பாராட்டுகிறார். அதே மூச்சில், ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டாய் என்கிறார். அவரோடு தனியே இருக்க ஒரு கால் மணித்தியாலம்கூடக் கிடைக்கவில்லையா? கோயில் வேலையில் ஒன்றைக் குறைத்தாலும் சரி, அந்த நேரத்தை மீட்டெடுங்கள்.

அழுகையை அன்புக் குறைவாகப் பார்ப்பதும் தவறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், எங்கள் சீயோன் தேவாலய வளவில் குண்டு வெடித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அப்படி இழந்தவர்களிடம் போய் "விசுவாசம் இருந்தால் அழக்கூடாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. குடியிலோ பொய்யிலோ விழுந்தவர்கள், "எந்த முகத்தோடு கோயிலுக்குப் போறது? திருந்திட்டு வாறன்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திருந்தினால்தான் அவரை நேசிக்கலாம் என்று யார் சொன்னது?

இயேசுவின் சீடரான பேதுருவைப் பாருங்கள். இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். உயிர்த்த இயேசு, திபேரியாக் கடற்கரையில் மறுபடி கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். முதலில் சாப்பிட வைத்தார். அப்புறம்தான் கேட்டார், மூன்று முறை: "என்னை நேசிக்கிறாயா?" ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பேதுரு சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை, அதாவது தம் மக்களை, அவர் கையில் ஒப்படைத்தார்.

அந்தச் சாப்பாட்டுக்கு முந்திய இரவு, பேதுருவும் கூட இருந்த சீடர்களும் விடிய விடிய வலை போட்டும் ஒரு மீன்கூடப் படவில்லை. வாவியில் இரவெல்லாம் கிடந்து வெறுந்தோணியோடு கரைக்குத் திரும்பியவர்களுக்கு அந்தக் களைப்பு தெரியும். விடியலில், கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டதும் இழுக்க முடியாத அளவுக்கு மீன். "அவர் ஆண்டவர்" என்று படகில் ஒரு குரல். கரைக்கு இன்னும் ஏறக்குறைய 200 முழம் இருந்தது. பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிட்டார்.