சீதன உறுதியில் கையெழுத்து வைக்க முதல்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு நொத்தாரிசிடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதும் வேலை எனக்கு. சீதன உறுதி என்றால் தகப்பனும் மாப்பிள்ளை வீட்டாரும் பரப்புக் கணக்குப் பேசுவார்கள். காணிக்குச் சொந்தக்காரியாகப் போகிற பிள்ளை, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போவாள். தங்கச்சிமாரே, அப்படி எழும்பாதீர்கள்.

உறுதியில் காணியின் எல்லைகளையும் உரிமைகளையும் சொல்லும் அட்டவணையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 'வடக்கு ஒழுங்கை' என்று இருந்தால் அந்த ஒழுங்கையால் போய்வர உங்களுக்கு உரிமை உண்டா? கிணற்றில் எவ்வளவு பங்கு? வழி வாய்க்கால் சேர்ந்திருக்கிறதா? வீட்டை மகளுக்கும் கிணற்றை மகனுக்கும் எழுதிவிட்டால், பிறகு தண்ணீர் அள்ளப் போகிறவள்தான் பேச்சு வாங்குவாள். பெற்றோர் சீவிய உருத்து, அதாவது தாங்கள் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமை, வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வைத்திருந்தால் நல்லது, வயதான காலத்தில் அவர்களுக்கு அது பாதுகாப்பு. 'மருமகன் பெயரையும் சேர்த்தால் என்ன, ஒரு குடும்பம்தானே' என்று யாராவது கேட்டால், சீதனம் மகளுக்குத்தான் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பெயரில் வந்துவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் தன் முதுசத்தை, அதாவது பெற்றோர் வழி வந்த சொத்தை, விற்க உங்கள் கையெழுத்துத் தேவையில்லை. இது மாற வேண்டிய சட்டம் என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. மாறும்வரை இருக்கிற வழிகளைத் தெரிந்து வைத்திருங்கள். நகைக்கும் காசுக்கும் இந்தச் சம்மதம் தேவையில்லை. மரணசாதனம் (உயில்) எழுதவும் தேவையில்லை. கணவன் விட்டுப் போயிருந்தால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அவர் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி பெறலாம். பலருக்கு இது தெரியாது. தெரியாததால் மாமியார் வீட்டுப் பேச்சுக்கு அடங்கிப் போகிறார்கள்.

அப்புறம் தேடிய தேட்டம், அதாவது கணவன் மனைவி இருவருக்கும் பங்குள்ள சொத்து. மணமான பின் உழைத்த காசில் வாங்கும் காணி அதற்குள் வரும். ஆனால் சீதனக் காணியை அல்லது நகையை விற்ற காசில் வாங்கினால், அது உங்கள் தனிச்சொத்து என்று காட்ட இடமுண்டு. காசு எங்கிருந்து வந்தது என்பதைப் புதிய உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள். நகை விற்ற பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள்.

மூல உறுதியை மாமனாரின் அலுமாரிக்குக் கொடுக்காமல் நீங்களே வைத்திருங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் வேறொரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். 1995 இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். இந்த விபரங்கள் கையில் இருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க அலைச்சல் குறையும்.