பாளையங்கால்வாயில் தூண்டில் போடப் பழக

பாளையங்கால்வாய் திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரியும் பாசனக் கால்வாய். அங்கே தூண்டில் பழக ரீலும் வேண்டாம், விலை கூடிய கம்பும் வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மூங்கில் குச்சி, அதே நீளத்துக்கு மெல்லிய நைலான் நரம்பு, கடையில் இருப்பதிலேயே சின்ன முள், இவ்வளவு போதும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகு அளவு ஈயம். தக்கைக்கு மயிலிறகுத் தண்டை விரல் நீளம் நறுக்கிக் கட்டுங்கள். பெரிய தக்கை போட்டால் சின்னக் கெண்டை இழுப்பது தெரியவே தெரியாது.

இரைக்கு மண்புழு. வாழைத் தோட்டத்து ஈர மண்ணைக் கிளறினால் கிடைக்கும். முழுப் புழுவைக் கோர்க்காமல், முள்ளை மூடுகிற அளவுக்கு ஒரு துண்டு மட்டும் கோர்த்துவிடுங்கள்.

கார், பிசானம் என்கிற நெல் பருவங்களில் தண்ணீர் ஓடும்போது மடை ஓரமும் பாலத்து நிழலும் நல்ல இடங்கள். சாக்கடை கலக்கும் இடத்தை விட்டு மேற்கே தள்ளிப் போய்விடுங்கள். தக்கை துடித்ததும் இழுக்காதீர்கள், மீன் அப்போது கொத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகரும். அந்த நேரம் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். ஜிலேபி மீன் மாட்டினால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கையைக் குத்திவிடும்.

அப்புறம், குளங்களில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது, இருக்கும், கேட்டுவிட்டுப் போடுங்கள். பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம், அங்கே தூண்டில் கூடவே கூடாது.