சினிமா விமர்சனத்தை வைத்தே முன்னொட்டு, பின்னொட்டு பழகலாம்

ஆங்கிலத்தில் ஒரு சினிமா விமர்சனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்தி போதும். முதல் தடவை சும்மா படியுங்கள், படம் நல்லாயிருக்கா இல்லையா என்பது மட்டும் புரிந்தால் சரி. அப்புறம் பென்சிலோடு திரும்ப வந்து, தலையிலோ (முன்னொட்டு) வாலிலோ (பின்னொட்டு) ஒட்டு உள்ள சொற்களை வட்டமிடுங்கள்.

விமர்சனமும் சுற்றுலாக் கட்டுரையும் இதற்கு ரொம்பத் தோது, ஏனென்றால் இரண்டுமே பிடித்தது, பிடிக்காதது பற்றிப் பேசுபவை, அப்படிப் பேசும்போது ஒட்டுச் சொற்கள் தானாக வந்து விழும்.

பின்னொட்டு நமக்குப் புதிதல்ல. பயனுள்ள, பயனற்ற என்று நாம் சொல்வதுதான் 'யூஸ்ஃபுல்', 'யூஸ்லெஸ்'. முன்னொட்டில்தான் சறுக்குகிறோம். நீதி, அநீதி மாதிரி வடமொழிவழி வந்தவை தவிர தமிழில் முன்னொட்டு குறைவு என்பதால், நம் கண் சொல்லின் தலையைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறது. 'ஃபர்கெட்டபிள்' என்றால் வெளியே வந்ததும் மறந்துபோகிற படம், 'அன்ஃபர்கெட்டபிள்' என்றால் மறக்கவே முடியாத படம், இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டே எழுத்து. விடுதி முன்பதிவில் 'நான்-ரிஃபண்டபிள்' என்று இருந்ததை ஒருமுறை வெறும் 'ரிஃபண்டபிள்' என்று படித்துவிட்டேன், பயணம் ரத்தானபோது ஒரு பைசாகூடத் திரும்பி வரவில்லை. அதிலிருந்து சொல்லின் தலையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வட்டமிட்ட சொல்லைப் பிரித்து எழுதுங்கள். 'டிஸப்பாயின்ட்மென்ட்' என்றால் டிஸ், அப்பாயின்ட், மென்ட். இங்கே ஒன்று கவனிக்கணும், 'அப்பாயின்ட்' என்றால் நியமிப்பது, ஆனால் முழுச் சொல்லின் பொருள் ஏமாற்றம். அதனால் பிரித்துப் பார்த்து ஊகித்த பிறகு அகராதியையும் பாருங்கள். 'இன்வேல்யுவபிள்' என்பதை மதிப்பில்லாதது என்று நினைத்துவிடுவோம், அதற்கு மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று பொருள்.

'இம்', 'இல்', 'இர்' மூன்றும், 'இல்லை' என்று பொருள் தரும் 'இன்'னின் வேஷங்கள்தான். பி, எம் எழுத்துகளுக்கு முன் 'இம்பாஸிபிள்', எல் முன் 'இல்லாஜிக்கல்', ஆர் முன் 'இர்ரெலவன்ட்'. ஆனால் எந்தச் சொல்லுக்கு 'இன்', எதற்கு 'அன்' என்பதற்கு நம்பகமான விதி கிடையாது, படித்துப் படித்துத்தான் காது பழகும். 'ஃபுல்' பின்னொட்டாக வரும்போது ஒரே ஒரு எல், இது எழுதும்போது எல்லோரும் தவறுகிற இடம்.

மறுநாள் ஒரு விடுமுறைப் பயணக் கட்டுரை. 'அஃபோர்டபிள்', 'ஓவர்குரௌடட்', 'அன்ஸ்பாயில்ட்' எல்லாம் அங்கே கிடைக்கும்.

வாரக்கடைசியில் நீங்கள் பார்த்த படத்தைப் புகழ்ந்து நாலு வரி எழுதுங்கள். அப்புறம் ஒட்டுகளை மட்டும் மாற்றி அதையே திட்டாக்குங்கள், 'இமேஜினேட்டிவ்' என்பதை 'அன்இமேஜினேட்டிவ்' என்று மாற்றுகிற மாதிரி. 'பிலீவபிள்' வந்தால் ஜாக்கிரதை, 'அன்பிலீவபிள்' பாராட்டாகவும் வரும்.