குர்சுராவுக்குள் அப்பத்தாவோடு போவது எப்படி

விசாகப்பட்டினம் கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் குடும்பத்தோடு பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே உங்களுக்கு நேரம் இருக்காது. ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரே வழி, முன்னால் ஒரு கூட்டம், முதுகில் இடிக்க இன்னொரு கூட்டம். நின்று ரசிக்கலாம் என்று நினைத்துப் போனால் கால் மணி நேரத்தில் வெளியே தள்ளிவிட்டுவிடுவார்கள். முதல் தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. என் மகன் வெளியே வந்து, "அம்மா, கப்பல் எப்போ வரும்?" என்றான். அதனால் இரண்டாம் தடவை, என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனபோது, பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டோம்.

அந்த வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும், ஹோட்டலில் கொடுக்கும் தக்காளி சாஸ் பாக்கெட் ஒன்றும் போதும். பாக்கெட்டை முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மட்டுமட்டாக மிதக்கிற பாக்கெட்தான் வேண்டும். முங்கிவிட்டால் வேறு ஒன்று. அதைப் பாட்டிலுக்குள் நுழைத்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பாட்டிலை அழுத்துங்கள். பாக்கெட் கீழே போகும். கையை விட்டால் மேலே வரும். உள்ளே இருக்கிற காற்றுக்குமிழி அழுத்தத்தில் சுருங்குவதுதான் காரணம். நிஜக் கப்பலில் சங்கதி கொஞ்சம் வேறு: பக்கவாட்டுத் தொட்டிகளில் கடல்நீரை விட்டால் கனம் கூடி முங்கும், அழுத்திவைத்த காற்றை ஊதி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் மேலே வரும். இதை என் மகளிடம் சொன்னபோது, "அப்போ பாட்டிலு பொய்யா?" என்று கேட்டாள். பொய்யில்லை, ஒண்ணுவிட்ட உறவு என்று சமாளித்தேன்.

இனி பயணம். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் இரவு விசாகப்பட்டினம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதை வைத்துத் திட்டம் போடுங்கள். வாரநாளில் திறப்பதே மத்தியானத்துக்கு மேல்தான். நேரம் அவ்வப்போது மாறுகிறது, தங்கியிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாரநாளில் திறந்தவுடனே போய் நிற்பதுதான் என் கட்சி. ஞாயிறு சாயங்காலம் ஊரே கப்பல் நிற்கும் இந்த ராமகிருஷ்ணா கடற்கரையில்தான் இருக்கும்.

டிக்கெட் வாங்கியதும் ஏறிவிடாதீர்கள். வெளியே முழு நீளத்துக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். 91 மீட்டர். ரயில் பெட்டி நான்கை வரிசையாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவு. பிள்ளைகளை எட்டு வைத்து எண்ணச் சொல்லுங்கள், அதற்குள் வரிசையும் கொஞ்சம் குறையும். நடக்கும்போது கதையைச் சொல்லிவிடலாம். சோவியத் யூனியனில் கட்டிய கப்பல். 1969 டிசம்பர் 18 அன்று நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரின்போது அரபிக்கடலில் ரோந்து போனது. இடையில் சில வருஷம் இதைக் கழற்றி மற்ற கப்பல்களுக்கு உதிரிபாகம் எடுத்திருக்கிறார்கள். அப்புறம் 1980களின் தொடக்கத்தில் பழுது பார்த்து மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். 2001 பிப்ரவரியில் ஓய்வு. 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். "31 வருஷம் சர்வீஸா? உங்க மாமாவும் அவ்வளவுதான் பாத்தாரு" என்றார் அத்தை, மாமாவின் பேருந்துக் கழக வேலையை நினைத்து.

கழிவறைக்கு இப்போதே போய்விட்டு வரச் சொல்லுங்கள். முதுகுப்பையை வெளியே யாரிடமாவது விடுங்கள். என் கணவர் கேட்கவில்லை. இரண்டாவது வாசலில் பையோடு மாட்டிக்கொண்டு, பின்னால் இருந்த ஒரு பெரியவர் பிடித்துத் தள்ளித்தான் வெளியே வந்தார்.

அந்த வாசலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பல் ஏழு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்ததற்குப் போகாமலிருக்க, நடுவில் இரும்புச் சுவர். அந்தச் சுவரில் நாம் நுழைய இருப்பது ஒரு வட்டமான ஓட்டை. முழங்கால் உயரத்தில் படி, குனிந்தால்தான் தலை போகும். தலையை முதலில் விட்டால் நெற்றியில் புடைக்கும். என் நெற்றி சாட்சி. மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, தலையை நுழைத்து, கடைசியில் மற்ற காலை எடுக்க வேண்டும். கால், தலை, கால். பிள்ளைகளுக்கு இதைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தேன். சேலை கட்டியவர்கள் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு நுழைவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான், மறைத்துச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சுவரிலும் இதே சர்க்கஸ், நடுவில் திரும்பி வரவும் முடியாது. அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அத்தை முதல் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு நெல்லுக்குதிருக்குள்ள இறங்குனவ நான்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய்விட்டார்.

உள்ளே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். எல்லாவற்றையும் கேட்க முடியாது, ஆளுக்கு ஒரு கேள்வி என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஒரு பொருளைத் தேடச் சொன்னால் பிள்ளைகளின் கண் அலைபாயாது. எங்கள் பட்டியல் இப்படிப் போனது. முன்னறையில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்துபோய் வெடிக்கும் குண்டு, அதை ஏவும் குழாய்களை எண்ணுவது. முன்னால் ஆறு, கடைசி அறையில் நான்கு. மொத்தம் 22 டார்பிடோ ஏற்றலாம். அடுத்து, அதிகாரிகளின் அறைகள் இருக்கும் இடத்தில் தரையைக் காலால் தட்டுவது. கீழே பேட்டரிகள். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் முங்கியதும் பேட்டரியும் மின்மோட்டாரும்தான். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தோ, மூச்சுக்குழாயை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டியோ, எஞ்சினை ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். "நம்ம போன் மாதிரியே" என்றான் மகன். அவ்வளவு புரிந்தால் போதும். நடு அறையில் பெரிஸ்கோப், தண்ணீருக்கடியிலிருந்தே மேலே நடப்பதைப் பார்க்கும் குழாய். அங்கேதான் கூட்டம் தேங்கும், எனவே உங்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

பெண்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல நிற்கிற இடம் சமையலறை. அலமாரி அகலம் என்றுகூடச் சொல்ல முடியாது. சுமார் 75 பேருக்கு இதற்குள் சமைத்திருக்கிறார்கள். அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, "தாளிச்சா நெடி எங்க போகும்?" என்று வழிகாட்டியிடம் கேட்கச் சொன்னார். நான் இந்தியில் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எங்கேயும் போகாது, எல்லாரும் சேர்ந்து முகர வேண்டியதுதான் என்றார். டீசல், வியர்வை, சாம்பார் எல்லாம் ஒரே காற்றில். நல்ல தண்ணீருக்குப் பஞ்சம், குளியல் என்பதே ஆடம்பரம். படுக்கைகள் ரயில் பெர்த்தைவிட ஒடுக்கம். சிலர் டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறார்கள். என் மகள் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எஞ்சின் அறை எனக்குச் சட்டென்று முடிந்துவிட்டது, மூன்று டீசல் எஞ்சின், நிறையக் குழாய். கணவரைத்தான் அங்கிருந்து இழுத்து வர வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் உடனே கிளம்பாதீர்கள். எதிர்ப்பக்கம், சாலையைத் தாண்டினால், டி.யூ.-142 விமானம் நிற்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடி வேட்டையாடுவதுதான் அதன் வேலை. எலியை இந்தப் பக்கமும் பூனையை அந்தப் பக்கமும் கட்டிவைத்த மாதிரி. எலிக்குள் போய்வந்தபிறகு பூனையைப் பார்ப்பதுதான் சரியான வரிசை, மாற்றிச் செய்தால் சுவை இல்லை. பக்கத்திலேயே 1971 போர் நினைவுச்சின்னமும் உண்டு. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியது இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான் என்பதைப் பிள்ளைகளிடம் அங்கே சொல்லலாம். கடலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள், அந்தக் கரையில் அலை இழுக்கும்.

விமானத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு விசேஷம். 2017இல் ஓய்வுபெறும்வரை அது இருந்தது அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில். இதைச் சொன்னதும் அத்தை இறக்கையை அண்ணாந்து பார்த்தார். "அரக்கோணத்துலயா? அந்த வழியா எத்தனை தடவ ரயில்ல போயிருக்கோம், ஒருத்தராவது சொன்னீங்களாடி?"